கப்டன் கையெழுத்து வைத்த பக்கங்கள்

ஏழு என்று எழுதும்போது நடுவில் ஒரு சின்னக் கோடு போடுவது என் பழக்கம். கப்பலின் வானொலி அறையில் வேலை செய்தவர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஒன்றையும் ஏழையும் யாரும் மாறி வாசித்துவிடக் கூடாது என்பதற்காகத் தொடக்கத்திலேயே பழக்கிவிடுவார்கள். உன்னுடைய பதினேழாவது பிறந்தநாள் கார்ட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அதை நீ இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை, அனோஜா. சந்தோஷமாகத்தான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மில்லிக்கனில் உங்கள் வீட்டுக் குசினி மேசையில் அந்தக் கார்ட்டையும் உன் அப்பாவின் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய். அம்மா கேக் விஷயமாக வெளியே போயிருந்தார். அவர் போகும்வரை நீ காத்திருந்தாய் என்பது எனக்கு விளங்கியது.

"அங்கிள், இது ஆர்ர எழுத்து?"

"கன காலமாச்சுப் பிள்ளை. எனக்கு ஞாபகமில்லை."

"செவினைப் பாருங்கோ. அப்பா இப்பிடி எழுதமாட்டார். அம்மாட்டை அவற்ற காகிதங்கள் இருக்கு, நான் செக் பண்ணினனான். ப்ளீஸ் அங்கிள், ஜஸ்ற் ரெல் மீ."

தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அது மரியாதையில்லை. சனிக்கிழமை உனக்குக் கலியாணம். மாப்பிள்ளை றோயின் ஆட்கள் அஜக்ஸிலிருந்து இரண்டு வான் பிடித்து வருகிறார்கள். தேவாலய வாசலிலிருந்து பீடம்வரை உன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது அகஸ்ரின் அங்கிள்தான் என்று ஆறு மாதத்துக்கு முன்பே நீயாகச் சொன்னாய். அப்படிப்பட்ட காரியத்துக்கு முன் மனதில் ஒன்றையும் ஒளித்து வைத்திருக்கக் கூடாது. ஆகவே ஒழுங்காக எழுதுகிறேன். எழுத்து என்னுடையதுதான்.

அந்தப் பதிவேட்டை உன்னிடம் கொண்டுவந்து தந்த செல்வரட்ணத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. கலியாணக் கார்ட்டில் 'காலஞ்சென்ற கப்டன் அமிர்தநாதர்' என்ற பெயரை எங்கேயோ கண்டு, ரக்சியை உங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, "இது எங்களிட்டை இருக்கக்கூடாத சாமான்" என்று தந்துவிட்டுப் போனாராம். அந்த நாளில் ஊரில் இயக்கம் நடத்திய விசாரணையில் குறிப்பு எடுத்தவர் அவர். நல்ல மனிதன். அவர் உனக்குச் சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் அவருக்குத் தெரிந்தது பாதிதான்.

உன் அப்பாவைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். பருத்தித்துறை முனையில் கட்டுமரம் தள்ளிய குடும்பத்தில் பிறந்து, முப்பத்தெட்டு வயதில் பன்னிரண்டாயிரம் தொன் சரக்குக் கப்பலுக்குக் கப்டன் ஆனவர். கப்பலில் சத்தம் போட்டுப் பேசியதை ஒருவரும் கேட்டதில்லை. மாலுமிகளின் பிள்ளைகளுடைய பெயரெல்லாம் அவருக்குத் தெரியும். கடலில் ஒவ்வொரு நாளும் காற்று, அலை, எதிரே வந்த கப்பல், கிடைத்த செய்தி எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதவேண்டும். எழுதுவது அந்தந்த வேலையில் நிற்பவன். பக்கத்தின் அடியில் கையெழுத்து வைப்பது கப்டன். வைத்துவிட்டால் அந்தப் பக்கம் கப்டனுடையது. இது கப்பல்காரர்களின் வழக்கம். மற்றக் கப்டன்களுக்கு அது வெறும் வழக்கம். உன் அப்பாவுக்கு அது வேதம்.

உன் அம்மாவை அவருக்கு முன்பே எனக்குத் தெரியும். கோயில் பாட்டுக்குழுவில் அன்ரனெற் பாடும்போது ஆர்மோனியம் வாசித்தது நான். அவரைப் பெண் கேட்டு என் தாயாரை அனுப்பினேன். உன் அம்மப்பா சிரித்துக்கொண்டே, "கப்பல்காரனுக்குக் குடுக்கிறதெண்டால் கப்டனுக்கல்லோ குடுக்கவேணும்" என்றாராம். அடுத்த வருடம் அப்படியே செய்தார். கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் உன் அம்மாவே உன் அப்பாவிடம், "எங்கட ஊர்ப் பெடியன், வேலையில்லாமல் திரியிறார், கூட்டிக்கொண்டு போங்கோ" என்று சொல்லி எனக்கு அந்தக் கப்பலில் இடம் எடுத்துத் தந்தார். நன்றியோடு போனேன். ஒன்பது வருடம் உன் அப்பாவுக்குக் கீழே வேலை செய்தேன். கப்பலில் வானொலிக்காரனை எல்லோரும் ஸ்பார்க்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

உன் அம்மா பிஸ்கற் ரின்னில் வைத்திருக்கும் தந்திகளை நீ பார்த்திருப்பாய். அவற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒவ்வொரு துறைமுகத்திலும் உன் அப்பா ஒரு துண்டில் எழுதித் தருவார்: 'சுகமாக வந்து சேர்ந்தோம். அமிர்தம்.' அவ்வளவுதான். நல்ல மனிதன், ஆனால் வார்த்தையில் கஞ்சன். அந்தத் துண்டை அப்படியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. 'டேர்பனில் மழை, உன் பாட்டுக் கேட்கிறது' என்று ஒரு வரி சேர்த்தேன். பிறகு இரண்டு வரி. ஒன்பது வருடத்தில் நூற்றுப் பதினேழு தந்தி. அமிர்தம் என்ற ஒரு சொல்லைத் தவிர அவற்றில் உள்ள நல்ல சொல் எல்லாம் என்னுடையவை. மாத முடிவில் நகல்களை ஒரு கட்டாக அவர் முன் வைப்பேன். வாசிக்காமலே கையெழுத்து வைப்பார். "நீ எழுதினால் சரியாத்தான் இருக்கும், ஸ்பார்க்ஸ்" என்பார்.

எண்பத்தைந்தாம் ஆண்டு கராச்சிக்கு வெளியே கப்பல் அடிபட்டதை உனக்குச் சொல்லியிருக்கிறார்களா தெரியாது. வளைகுடாவில் சண்டை நடந்த காலம். கால்வாயில் ஒரு கப்பல் மூழ்கிக் கிடக்கிறது என்ற எச்சரிக்கை மத்தியானம் இரண்டு மணிக்கு எனக்கு வந்தது. நான் அப்போது உன் அம்மாவுக்குத் தந்தி எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு சொல் சரியாக வரவில்லை. எச்சரிக்கையை மேசையில் வைத்துவிட்டு அந்தச் சொல்லை யோசித்தேன். ஐந்து மணிக்குக் கப்பலின் அடி கிழிந்தது. உயிர் ஒன்றும் போகவில்லை. சமையற்காரர் நீக்கிலாப்பிள்ளைக்கு மட்டும் கால் முறிந்தது.

விசாரணையில் பதிவேட்டைத் திறந்து, எச்சரிக்கை ஏன் பதியப்படவில்லை என்று கேட்டார்கள். உன் அப்பா எழுந்து நின்று, "இந்தப் பக்கத்தின் அடியில் இருப்பது என் கையெழுத்து. இதில் எழுதியிருப்பதற்கும் எழுதாமல் விட்டதற்கும் நான்தான் பொறுப்பு" என்றார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அத்தோடு அவருடைய கப்டன் வேலை போய்விட்டது. வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்தது. தேத்தண்ணிக் கடையில் என் முதுகில் தட்டி, "கப்டன் எண்டால் அதுதான்ரா வேலை. குடி, ஆறப்போகுது" என்றார்.

அன்றைக்கு அவரைப் பற்றி ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். அவர் என் பெயரைச் சொல்லமாட்டார். எந்த இடத்திலும், எவர் கேட்டாலும்.

இருவரும் ஊருக்கு வந்தோம். தொண்ணூறாம் ஆண்டு திரும்பவும் சண்டை தொடங்கியது. உனக்குப் பதினாலு வயது, ஞாபகம் இருக்கும். உன் அப்பாவின் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே போவார். எவ்வளவு தெரியவில்லை என்பது உன் அம்மாவுக்கே முழுதாகத் தெரியாது. கண் தெரியாத கப்டன் என்று ஊரில் ஒருவன் சொல்லிவிட்டால் அவர் செத்துப்போவார். எனக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் பதிவேட்டை எழுதியது நான்.

கப்பல் இல்லை, ஆனால் பதிவேட்டை அவர் விடவில்லை. பின்னேரத்தில் மேல்மாடியில் கடலைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருப்பார். காற்று முகத்தில் படுவதை வைத்துத் திசை சொல்லுவார். இஞ்சின் சத்தத்தை வைத்து இன்ன படகு, இத்தனை குதிரைவலு என்று சொல்லுவார். நான் எழுதுவேன்; கீழே இருந்த உங்களுக்கு அவரே எழுதுகிறார் என்றுதான் எண்ணம். கப்பல் வழக்கப்படி ஆங்கிலத்தில், சுருக்க எழுத்தில், பெரிய எழுத்தில். பொழுது படும் நேரத்தில் இயக்கப் பெடியளின் விசைப்படகுகள் இந்தியாவுக்கு வெளிக்கிடும். முதல் நாளே சொல்லிவிட்டார்: "பெடியளின்ர போட்டை எழுதாதை, ஸ்பார்க்ஸ். அது அவையின்ர உயிர்." நானும் எழுதவில்லை. எழுதி முடிந்ததும் பக்கத்தை வாசித்துக் காட்டுவேன். அவருடைய விரலைப் பிடித்து அடியில் வைப்பேன். கையெழுத்து வைப்பார்.

ஓகஸ்ற் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு. நீயும் இருந்தாய். உன் அம்மா பிஸ்கற் ரின்னை எடுத்து வந்து, டேர்பன் தந்தியை வாசித்தார். வாசிக்கும்போது அவருக்குக் குரல் மாறியது. பாட்டுக்குழுவில் கேட்ட அதே குரல். "இப்ப பாருங்கோ அகஸ்ரின் அண்ணை, வாயே திறக்காத மனுசன். உதுக்குள்ளை உவ்வளவு இருந்திருக்கு" என்றார்.

உன் அப்பா மீன் முள்ளை விரலால் தடவி எடுத்துக்கொண்டிருந்தார். "நானோ எழுதினனான்?"

"பின்னை ஆர்?"

"ஞாபகமில்லையப்பா. ஆனா என்ர கையெழுத்தெண்டால் எழுதினதும் என்ரதுதான்" என்று சொல்லிச் சிரித்தார். நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன்.

அவர் களவெடுத்ததாக நான் சொல்லமாட்டேன். அவருக்கு அது தெரியாது. ஆனால் ஒரு மனிதன் தான் எழுதாததையெல்லாம் தனது என்று சொல்லிக்கொண்டு, அதற்குரிய அன்பையும் வாங்கிக்கொண்டு இருக்கிறான் என்றால், நல்லதுக்கு ஒரு நியாயம் கெட்டதுக்கு ஒரு நியாயம் இருக்க முடியாது. இது கோபத்தில் செய்தது அல்ல என்பதை நீ விளங்கிக்கொள்ளவேண்டும். யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த நாள் பின்னேரம் பதிவேட்டின் கடைசி வரியாக, இரண்டு விசைப்படகு வெளிக்கிட்ட நேரத்தையும் திசையையும் எழுதினேன். வாசித்துக் காட்டும்போது அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். விரலைப் பிடித்து வைத்தேன். கையெழுத்து வைத்தார். "இண்டைக்குக் குரல் அடைச்சிருக்கு, ஸ்பார்க்ஸ். கொத்தமல்லி அவிச்சுக் குடி" என்றார். எட்டுக் கிழமையில் அப்படிப் பதினொரு வரி.

ஐப்பசியில் கடற்படை இரண்டு படகுகளை மறித்து அடித்தது. ஆறு பெடியள் போனார்கள். கடற்படைக்கு யார் சொன்னது என்று எனக்கு இன்றும் தெரியாது. உன் அப்பா இல்லை. நானும் இல்லை. அந்தப் பதிவேடு அந்த வீட்டை விட்டு ஒருநாளும் வெளியே போனதில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஆறு பேரின் பழி என் மேல் இல்லை.

ஆனால் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று இயக்கம் தேடத் தொடங்கியது. நான் அவர்களுடைய அலுவலகத்துக்குப் போனேன். உன் அம்மா இன்றுவரைக்கும், நான் அங்கே போனது கப்டனுக்காகப் பேச என்று நம்புகிறார். பிறகு மூன்று தரம் அதற்காகவும் போனேன்தான். முதல் தரம் போனது, முனையில் ஒரு வீட்டில் தினமும் கடலைப் பார்த்து எழுதுகிற கொப்பி ஒன்று இருக்கிறது என்று சொல்வதற்கு.

கொப்பியைக் கொண்டு போனார்கள். பிறகு அவரைக் கொண்டு போனார்கள். சுருக்க எழுத்து அவர்களுக்கு விளங்கவில்லை. கப்பலில் வேலை செய்த ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஆட்கள் விட்டுப்போன ஒரு பெரிய வீட்டின் மண்டபம். பின்னேரம் மூன்று மணி. பொறுப்பாளர் சின்ன வயது, மரியாதை தெரிந்தவர். எனக்குத் தேத்தண்ணி தந்தார். செல்வரட்ணம் ஒரு மூலையில் எழுதிக்கொண்டிருந்தார். உன் அப்பா எனக்கு எதிரே நீள மர வாங்கில் இருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

நான் வாசித்தேன். மேல்மாடியில் அந்தப் பதினொரு வரியை விட்டுவிட்டு மிச்சத்தை வாசித்தேன். இங்கே மிச்சத்தை விட்டுவிட்டு அந்தப் பதினொரு வரியை வாசித்தேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"இது ஏன் எழுதிறது?" என்று பொறுப்பாளர் என்னைக் கேட்டார்.

கப்பலில் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுவார்கள், அது பழக்கம், வேறொன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். "எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் உன் அப்பாவிடம் திரும்பினார். "ஐயா, இது உங்கட கொப்பியோ?"

"ஓம்."

"கையெழுத்து?"

கொப்பியை மூக்குக்குக் கிட்டப் பிடித்து, பக்கத்தின் அடியைப் பெருவிரலால் தடவினார். "என்ரதுதான்."

"எழுதினது ஆர்?"

அந்தப் பதினொரு வரியையும் அவர் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டிருக்கிறார். அவருக்காக எழுதுகிறவன் உலகத்தில் ஒருவன்தான். அவருடைய முகம் என் பக்கம் திரும்பியது. என் குரல் வந்த இடத்தை வைத்துத் திரும்பியிருப்பார், சற்றுத் தள்ளிச் சுவரைத்தான் பார்த்தார். என்னைக் காட்டிக் கொடுப்பதற்கு அவருக்கு ஒரு சொல் போதும்.

"கையெழுத்து என்ரதெண்டால் எழுதினதும் என்ரதுதான், தம்பி."

"வேறை ஒருத்தரும் உங்களுக்கு எழுதித் தாறேல்லையோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ ஐயா."

"இல்லை."

செல்வரட்ணம் உனக்குச் சொன்னாராமே, அந்த மனிதன் ஒரு பெயர் சொல்லியிருந்தால் தப்பியிருப்பார் என்று. அது அந்த இடம். என்னைப் போகச் சொன்னார்கள். வாசலுக்கு வந்தபோது உன் அப்பா பின்னாலிருந்து கூப்பிட்டார். "ஸ்பார்க்ஸ், காத்து வாடைக்கு மாறிப்போச்சு, மழை வரப்போகுது. மேல்மாடி யன்னலைச் சாத்தச் சொல்லி அன்ரனெற்றிட்டைச் சொல்லு."

நான் சொன்னேன். அம்மா ஓடிப் போய்ச் சாத்தினார். மழையும் வந்தது.

மூன்றாம் நாள் காலையில் சந்தியில், மின்கம்பத்தோடு கட்டி வைத்துச் சுட்டிருந்தார்கள். கழுத்தில் ஒரு அட்டை. அதில் எழுத்துப்பிழை ஒன்று இருந்தது. உன்னைப் பார்க்க விடவேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னது நான்தான். கயிற்றை அவிழ்த்ததும் நான். கண்ணாடியைத் தேடி வாங்கிப் போட்டுவிட்டதும் நான். துரோகியின் செத்த வீட்டுக்கு ஊரில் ஒருவரும் வரவில்லை. பெட்டியின் தலைப்பக்கத்தைத் தூக்கியது யார் என்று அம்மாவிடம் கேட்டுப் பார்.

அதற்குப் பிறகு உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. கொழும்பு, பிறகு கனடா. சென் ஜேம்ஸ் ரவுணில் நீங்கள் பதினாலாம் மாடி, நான் ஒன்பதாம் மாடி. முதல் ஸ்நோவில் உனக்குச் சப்பாத்து வாங்கியது, பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கு வந்தது, கார் ஓடப் பழக்கியது, இதெல்லாம் நான் கணக்குக் காட்டுவதற்குச் சொல்லவில்லை. ஒரு தகப்பன் செய்வதைத்தான் செய்தேன்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு, பூசை முடிந்து ஷேர்போர்ன் வீதியால் நடந்து வரும்போது உன் அம்மாவைக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. என் கையைக்கூட ஒருமுறை தொட்டார். "அண்ணை, உங்களைப்போலை ஒரு சகோதரம் ஒருத்திக்கும் கிடையாது. ஆனா அந்த மனுசன்ர தந்தியளை வாசிச்சவளுக்கு இனி வேறை ஒருத்தரும் வேண்டாம்" என்றார்.

அந்தத் தந்திகளை எழுதியது யார் என்று அந்த வீதியிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால், அவருடைய பெயரில் வேறு என்னென்ன எழுதினீர்கள் என்று அடுத்ததாகக் கேட்பார். உன் அம்மா கெட்டிக்காரி. ஆகவே சொல்லவில்லை. சிக்னல் மாறியது, வீதியைக் கடந்தோம்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான், அனோஜா. அந்தப் பதினொரு வரியையும் எழுதியது நான். எழுதும்போதே, ஒருநாள் இது கேள்வியாக வரும் என்று எனக்குத் தெரியும். கேள்வி வந்தால் அவர் என் பெயரைச் சொல்லமாட்டார் என்பதும் தெரியும். அது தெரியாவிட்டால் நான் எழுதியிருக்கமாட்டேன். கராச்சியில் நான் படித்த பாடத்தை முனையில் பாவித்தேன். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அவரிடம் கேட்டார்கள். வடிவாக யோசித்துச் சொல்லச் சொன்னார்கள். அவராகத்தான் ஏற்றுக்கொண்டார். நான் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குக் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம். காட்டுவதானால் தந்திகளைப் பற்றிய பகுதியை முதலில் வாசிக்கச் சொல்லு. நூற்றுப் பதினேழும் என்னுடையவை என்று அவர் ஒருமுறையாவது அறியவேண்டும்.

கறுப்பு கோட் சூட்டை ட்ரைகிளீனிங்கிலிருந்து நேற்றே எடுத்துவிட்டேன். சனிக்கிழமை காலை எட்டரைக்குக் காரைக் கழுவிக்கொண்டு வாசலில் நிற்பேன். பீடம்வரை மெதுவாக நடக்கலாம், அவசரப்படவேண்டாம். உன் அப்பாவின் இடத்தில் நிற்பதற்கு, என்னை விட்டால் உனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?